பக்கத்தில் எதுவும் இல்லை

நோட்டில் மூன்று புள்ளிகள் இருந்தன. திரையில் ஒன்றுகூட இல்லை.

இளவேனில் கண்ணாடியைக் கழற்றி நைட்டியின் ஓரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நடுவில் அந்த ஒளி மட்டும் ஊசி குத்திய துளைபோலச் சுத்தமாக நின்றது. சுற்றிலும் இருட்டு. முந்தின நாள் மாலை, வானத்தின் அதே இடத்தை ஆறு வருடத்துக்கு முன் எடுத்த பழைய படத்தைப் பார்த்து அவளே பென்சிலால் வரைந்துவைத்திருந்தாள். இடப்பக்கம் சற்றுத் தள்ளி ஒரு மங்கல் புள்ளி. வலப்பக்கம் ஒன்று. மூன்றாவது நடு ஒளியோடு ஒட்டினாற்போல இருந்தது. இரண்டும் ஒன்றாகிவிடுமோ என்று பயந்து பென்சிலை மெதுவாக வைத்து எழுப்பிய புள்ளி அது. பழைய படத்தைக் கையால் வரைந்துகொண்ட பிறகுதான் புதிய படத்தைத் திறப்பாள். கண் திரையைச் சீக்கிரம் நம்பிவிடும், கை நம்பாது என்பது அவள் எண்ணம்.

பழைய படத்தை மறுபடி திறந்தாள். மூன்றும் இருந்தன. புதியதைத் திறந்தாள். இல்லை. மங்கலானவை சில வருடங்களில் மங்கி மறைவதுண்டு. மூன்றும் ஒருசேர மறைந்து அவள் பார்த்ததில்லை.

சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை. காலை ஒன்பதுக்குள் ஜன்னல் கம்பி கையைச் சுட்டது. அவர்கள் வீடு திண்டுக்கல்லைத் தாண்டி, வடமதுரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பிளாட் போட்டு விற்ற பொட்டலில் இருந்தது. மொத்தம் மூன்று வீடுகள்தான். இடப்பக்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற பொம்மையன் தனியாக இருந்தார். வலப்பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருந்த ரஹ்மத்துல்லாவும், பள்ளிக்கூடத்து டீச்சரான அவர் மனைவி நர்கீஸும். நடுவில் இளவேனிலும் அவள் கணவன் ஜெரோமும். சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள், அதற்கப்பால் சோளத்தட்டை வெட்டிய நிலம், தூரத்தில் வெயிலில் நெளியும் கோட்டைப் பாறை.

அவள் வேலை செய்யும் தொலைநோக்கி உலகத்தின் மறுபக்கத்தில், மழை காணாத ஒரு மலைப் பாலைவனத்தில் இருந்தது. அங்கே இரவாகும்போது இங்கே பகல். வானத்தைப் பார்க்கிற வேலையை அவள் உச்சி வெயிலில் முன்னறை மேசையில் உட்கார்ந்துதான் செய்தாள்.

அந்தத் தொலைநோக்கி என்பது வரிசையாக நிற்கும் பெரிய உலோகத் தட்டுகள்; மில்லிமீட்டர் அளவு ரேடியோ அலைகளைப் பிடிப்பவை. அந்த அலைகளுக்கு ஈரம் ஆகாது. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் நீராவி அவற்றைத் தாமதப்படுத்திக் குழப்பிவிடும். அதனால் தட்டுகள் பார்க்கவேண்டியதையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை பக்கத்திலிருக்கும், நன்கு தெரிந்த ஒன்றின் பக்கம் திரும்பி, முப்பது வினாடி பார்த்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகும். தெரிந்தது இடம் மாறினாற்போலத் தோன்றினால், மாறியது அதல்ல, நடுவிலிருக்கும் காற்று என்று வைத்து எல்லாவற்றையும் திருத்திவிடலாம். அலுவலகத்தில் அதற்குக் கேலிப்ரேட்டர் என்று பெயர். பெரும்பாலும் வெகு தொலைவில் எரிகிற, நட்சத்திரம்போலப் புள்ளியாகத் தெரியும் ஏதாவது ஒரு குவேசார். எதை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் இளவேனிலின் வேலை.

ஜெரோம் அதற்கு எடைக்கல் என்று பெயர் வைத்திருந்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளாவுக்குப் போகிற காய்கறி லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுப்பவன் அவன். விடியுமுன் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவான். கல்யாணமான புதிதில் அவள் தன் வேலையைச் சொன்னபோது, கல்லு பொய் சொன்னா மார்க்கெட்டு பூராம் பொய்தான், அம்புட்டுத்தானே என்று முடித்துவிட்டான். அவள் நான்கு விதிகளையும் விரல் விட்டுச் சொன்னாள். நாம் பார்க்கிறதுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அதற்குப் பக்கத்தில் வேறெதுவும் இருக்கக்கூடாது. அசையக்கூடாது. நல்ல பிரகாசமாக இருக்கவேண்டும்.

"பக்கத்து ஊரா இருக்கணும், ஒத்தப் புள்ளையா இருக்கணும், அடக்கமா இருக்கணும், செவப்பா இருக்கணும்" என்றான் ஜெரோம். "ஏ புள்ள, இது மாப்ள வீட்டுக்காரங்க பொண்ணு பாக்குறதுல்ல?"

அன்றிலிருந்து அவள் மேசைக்கு உட்காரும்போதெல்லாம் பொண்ணு பாக்கப் போயாச்சா என்றுதான் கேட்பான்.

திங்கட்கிழமை நண்பகலில் புனேயிலிருந்து யோகேஷ் பேசினான். சின்னாளபட்டிக்காரன், அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறவன். இந்த வாரம் பார்க்கவேண்டிய இடத்துக்கு அருகில் வேறு நல்ல கல் கிடையாது என்று அவளுக்கே தெரியும். ஒன்று ஏறி இறங்கி எரிந்தது, ஒன்று வெகு தூரம், ஒன்று இரட்டை. திரையிலிருந்த இதுவோ பதினொரு நாளாக ஒளி அளவில் மூன்றாவது தசம இலக்கம்கூட மாறாமல் நின்றது. அவள் மூன்று புள்ளிகளைப் பற்றிச் சொன்னாள்.

"அக்கா, அது பழைய தட்டுல எடுத்த படம். அதுல புள்ளி இருந்தா என்ன, புழு இருந்தா என்ன? நீங்க இன்னைக்கிப் போடலேன்னா பன்னெண்டு ஆராய்ச்சிக்காரங்க இந்தத் தட்டுக்காக ரெண்டு வருசமாக் காத்துக்கிடந்தது போச்சு."

சமையலறையில் ஜெரோம் சோற்றை வடித்துக்கொண்டிருந்தான். கஞ்சியின் வாசனை வந்தது. பழைய படத்தை இன்னொரு தட்டில் எடுத்ததோடு ஒப்பிட அரைநாள் வேண்டும். வெஞ்சனம் ஆறுது புள்ள என்று ஜெரோம் கூப்பிட்டான். படிவத்தில் 'பக்கத்தில் வேறு பொருள் உண்டா?' என்று இருந்த இடத்தில் அவள் 'எதுவும் இல்லை' என்று போட்டாள். அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

மறுநாள் காலை பதினொன்றே காலுக்கு முதல் தடவை அது வந்தது.

மின்விசிறி டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. நர்கீஸ் வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சல் கூழ்போலத் தடிப்பாக வந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு காக்கை. பொம்மையன் தன் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நாற்பது வருடத்து பஸ் தூசியைத் தொண்டையிலிருந்து வெளியேற்றுவதுபோல் நிதானமாக இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமலின் நடுவில் எல்லாம் நின்றது.

மின்விசிறி சுழன்றது. சத்தம் இல்லை. காக்கையின் வாய் திறந்து மூடியது. காதுக்குள் கிணற்றின் அடியில் இருப்பதுபோல ஓர் அழுத்தம். ஜன்னல் வழியாக விழுந்த வெயில் அப்படியே இருந்தது, கம்பிகளின் நிழல் மட்டும் தரையில் இல்லை. ஐஸ் பெட்டியைத் திறந்தாற்போல, ஈரமே இல்லாத ஒரு குளிர்ந்த கல் வாசனை அறையை நிறைத்தது. அவள் கையில் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். எதுவோ அவள் பக்கம் திரும்பி நின்றிருப்பதாக, காரணமே இல்லாமல், முதுகுத்தண்டுக்குத் தெரிந்தது.

பிறகு பொம்மையனின் இருமலின் மறுபாதி வந்தது.

பதினொன்று இருபத்திரண்டுக்கு மறுபடி. இருபத்தொன்பதுக்கு மறுபடி. முப்பத்தாறுக்கு அவள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முப்பது வினாடி. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்போது ஜெரோம் எதிரே உட்கார்ந்து மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தி இறங்கியது, உதடு அசைந்தது. சத்தம் திரும்பியபோது ஏதோ ஒரு வாக்கியத்தின் முடிவில் இருந்தான். அவன் எதையும் கவனிக்கவில்லை. வெயிலுக்குக் காது அடைச்சிருக்கும், நல்லெண்ணெய் ஊத்தட்டா என்று கேட்டான்.

அன்று மாலை வாசலைக் கூட்டும்போது பொம்மையன் வழக்கம்போல் கூப்பிட்டார்.

"தாயி, இன்னைக்கி வானத்துல எத்தன டிக்கெட்டு?"

ஒரே ஆள்தான் ஐயா என்றாள் அவள். ஒத்த ஆளுக்காக வண்டிய எடுத்தா டிரைவர் திட்டுவானே என்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, அவர் உள்ளே போனார். அதுதான் அவள் அவரைக் கடைசியாகக் கேட்டது.

புதன்கிழமை காலையில் காபிக்கு வெந்நீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் அது மட்டும் கேட்டது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. எது இல்லை என்று பிடிபடச் செத்த நேரம் ஆயிற்று. இருமல் இல்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தாள்.

இடப்பக்கம் சீமைக்கருவை நின்றது. ஆளுயரம், அடர்த்தியாக, அடித்தண்டு கைப்பருமனில், பத்துப் பதினைந்து வருடத்து மரங்கள். முள்ளில் பழைய பிளாஸ்டிக் பைகள் வெளுத்துத் தொங்கின. சுவர் இல்லை. நாற்காலி இல்லை. உடைத்த அடையாளமாக ஒரு செங்கல்கூட இல்லை.

ஜெரோம் பதினொரு மணிக்கு வந்து அவளையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாரு பொம்மையன்? அது சும்மா கெடக்குற எடம். நம்ம வீடு கட்டும்போதே கருவ அண்டுதுன்னு நீதான சண்ட போட்ட?"

அவன் பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுவான். இப்போது தொடவில்லை. அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

அவள் மேசைக்குப் போய்ப் பழைய படத்தைத் திறந்தாள். ஆறு வருடத்துக்கு முன் எடுத்தது, யாரும் தொட முடியாத பெட்டகத்தில் இருப்பது. அதில் இரண்டு புள்ளிகள் இருந்தன. இடப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. நோட்டைப் பிரித்தாள். அவள் பென்சிலில் வைத்த மூன்றும் அப்படியே இருந்தன. இடப்பக்கத்துப் புள்ளியின்மேல் விரலை வைத்தாள். பென்சில் கரி விரலில் ஒட்டியது. வலப்பக்கம் ஒன்று. ஒட்டினாற்போல ஒன்று. பின்னால் ஜெரோம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேவாலயத்துப் பாட்டு ஒன்றைத் தப்பும் தவறுமாக முணுமுணுத்துக்கொண்டு, மீன் கழுவிக்கொண்டிருந்தான். அவள் நோட்டை மூடினாள்.

யோகேஷிடம் அந்தக் கல்லை எடுத்துவிடச் சொன்னாள். காரணம் கேட்டான். பக்கத்தில் வேறு பொருள் உண்டு என்றாள். ரெண்டு மங்கலுக்கா அக்கா, நீங்கதான ஒண்ணுமில்லேன்னு போட்டீங்க என்று முனகினான். ரெண்டு என்றுதான் அவனும் சொன்னான். கடைசியில் அவள் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டு எடுத்தான். மதியம் ஒரு மணிக்கு அந்தத் தட்டுகள் எல்லாம் வேறோர் ஒளியின் பக்கம் திரும்பிவிட்டதைத் திரையில் பார்த்தாள்.

ஒன்று ஏழுக்குச் சத்தம் நின்றது. கல் வாசனை வந்தது.

நாம் பார்ப்பதை நிறுத்தியாயிற்று. அது நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கு விடுமுறை. நர்கீஸ் சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு தூக்குவாளியை நீட்டிக்கொண்டு நின்றாள். சேமியா பாயசம், நெய் மிதந்தது. இளவேனில் கையைச் சுவர்மேல் வைத்து, போய்விடேன், உன் அம்மா வீட்டுக்கு இன்றைக்கே கிளம்பிப் போய்விடேன் என்று எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தாள். சுவர் கையைச் சுட்டது. மணியைப் பார்க்க மறந்துவிட்டாள்.

"என்னக்கா, முகமே சரியில்ல? ராத்திரி தூங்கலையா? இவரும் அப்படித்தான், பட்டறை சத்தம் காதுக்குள்ளயே—"

உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. நர்கீஸின் முக்காட்டு நிழல் அவள் முகத்திலிருந்து விலகியது. முகம் தட்டையாக, வெளுத்து, தண்ணீரில் ஊறிய படம்போலத் தெரிந்தது. இளவேனில் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல்கள் கையில் உறுத்தின. பிடித்துக்கொண்டே எண்ணினாள். பத்து. பதினைந்து. வளையல்கள் உறுத்துவது நின்றது. இருபது. கை தன்னையே பிடித்திருந்தது. இருபத்தைந்து.

முப்பதில் காக்கை கத்தியது. எதிரே வெட்டிய சோளத்தட்டைகள் அடிவானம்வரை போயின. சுவர் இல்லை. அவள் வெறும் வெளியில் ஒரு கையால் மறு கையைப் பற்றிக்கொண்டு நின்றாள். விரல்களில் ஏலக்காய் வாசனை இருந்தது. முகர்ந்துகொண்டிருக்கும்போதே அதுவும் போயிற்று.

பழைய படத்தைத் திறக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இருந்தும் திறந்தாள். நடுவில் ஒளி. அதோடு ஒட்டினாற்போல ஒன்று. வேறில்லை.

அன்று மாலை ஜெரோமை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்: ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை எதுவோ தன்னை எடைக்கல்லாக வைத்துப் பார்க்கிறது, பக்கத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக நீக்குகிறது. அவனுக்கு ரஹ்மத்துல்லாவையும் தெரியவில்லை, நர்கீஸையும் தெரியவில்லை. அவளுடைய நோட்டிலிருந்த புள்ளிகளை வெகு நேரம் பார்த்தான். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் நடுங்குவதை மட்டும் நம்பினான்.

"சரி. நீ சொல்றபடியே இருக்கட்டும். நீதான் கல்லு. கல்லுக்குப் பக்கத்துல ஆளிருக்கக் கூடாது. இப்ப என்ன செய்யணும்?"

"உங்கள விட்டுட்டு நான் எங்கயாச்சும் போயிடணும்."

"அத விடு. வேற சொல்லு."

அவள் யோசித்தாள். அசைகிற கல்லை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இடம் மாறுகிற எதையும் அவளே முதல் நாளில் தள்ளிவிடுவாள்.

"அப்ப ஆடிருவோம்" என்றான் ஜெரோம். "ஆடுற கல்ல எந்த ஏவாரி எடுப்பான்?"

வெள்ளிக்கிழமை அவன் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. பத்து மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தார்கள். அசையவேண்டியது அவள் என்பதால் அவளே ஓட்டினாள். பொண்டாட்டி ஓட்டப் புருசன் பின்னால உக்காந்து போறத வடமதுரை பூராம் பாக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே அவன் ஏறினான். அவன் இரண்டு கைகளும் அவள் இடுப்பைச் சுற்றி வந்து வயிற்றின்மேல் கோத்துக்கொண்டன. பேசிக்கொண்டே வாங்க என்று சொல்லியிருந்தாள். நிறுத்தவே கூடாது.

தார் உருகி டயரில் ஒட்டியது. அனல் காற்று முகத்தில் மண்ணை அடித்தது. வடமதுரைக் கடைகளைத் தாண்டினார்கள்; வாழைத்தார்கள், பஞ்சர் கடை, பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபம். அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். ஏழாவது நிமிடம் வந்தது. இன்ஜின் சத்தம் அறுந்தது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, சாலை கீழே ஊமையாக உருண்டது. வயிற்றின்மேல் அவன் கைகள் இருந்தன. கனம் மட்டும் குறைந்திருந்தது, உலரப்போட்ட சட்டையின் கைபோல. முப்பது. சத்தம் வந்தது, கனமும் வந்தது. அவன் தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் வேகத்தைக் கூட்டினாள்.

அடுத்த ஏழில் கைகள் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, தோலுக்குத் தெரியவில்லை. அதற்கடுத்த ஏழில் கீழே குனிந்து பார்த்தபோது அவளுடைய சேலை மடிப்பு மட்டும் காற்றில் படபடத்தது. அவள் கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. முப்பதில் அவை திரும்பி வந்தன, வியர்வையோடு, பழைய காயத் தழும்போடு. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. என்ன புள்ள, மெதுவாப் போ என்றான்.

அய்யலூரை நெருங்கும்போதுதான் அவளுக்கு அது புரிந்தது. எத்தனை வருடம் அந்தத் தட்டுகளோடு இருந்திருக்கிறாள். வானமே நிற்பதில்லை. ஒவ்வொரு ஒளியும் கிழக்கிலிருந்து மேற்காக ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. தட்டுகள் கூடவே திரும்புகின்றன. ஓடுகிற வழி தெரிந்துவிட்டால் ஓட்டம் ஓட்டமே இல்லை. வடமதுரைச் சாலையில் ஒரு ஸ்கூட்டி எந்த மூலைக்கு?

அவள் இதை அவனிடம் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

"ஏங்க, ஏதாச்சும் சிரிக்கிற மாதிரி சொல்லுங்க."

அவன் அவள் தோளில் மோவாயை வைத்தான். மாம்பழ வாசனை வந்தது.

"நம்ம இஞ்ஞாசி அண்ணன் போன மாசம் முருங்கக்கா லோடு ஏத்திட்டுப் பாலக்காடு போனாருல்ல. செக்போஸ்ட்ல ஒரு போலீஸ்காரன் நிறுத்தி, வண்டியில என்னன்னு கேட்ருக்கான். இவரு சாவகாசமா எறங்கி, தார்ப்பாயத் தூக்கிக் காட்டி, அவனப் பாத்துச் சொன்னாரு பாரு ஒரு—"

ஊமை.

சாலை. வெயில். நிழல் இல்லாத மரங்கள்.

அவள் குனியவில்லை. எண்ணினாள். பத்து. முதுகில் காற்று பட்டது. அவன் மார்பு மறைத்திருந்த இடத்தில். இருபது. திரும்பி வந்துவிடும். போன முறை வந்தது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

சத்தம் வந்தது. இன்ஜின். ஒரு லாரி. காற்று.

கதையின் மிச்சம் வரவில்லை.

அவள் இன்னும் வெகு தூரம் ஓட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் என்ன சொன்னார், சொல்லுங்க, என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினாள். பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக நின்றபோது, ஓரத்தில் எலுமிச்சை சர்பத் விற்ற பெண் ஒருத்தி, யாருகூடம்மா பேசிக்கிட்டு வர்ற என்று கேட்டாள்.

வீட்டில் ஒரு தட்டு இருந்தது. கொடியில் அவளுடைய துணிகள் மட்டும் காய்ந்தன. அவன் தங்கை சௌந்தர்யாவுக்கு ரெட்டியார்சத்திரத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவள் சௌந்தர்யாதான், அதே குரல்தான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஏனுங்க, நீங்க நம்பர மாத்திப் போட்டுட்டீங்க போலிருக்குதுங்க. எனக்கு அண்ணன்னு யாரும் இல்லீங்களே."

பின்னால் அவள் பிள்ளை அழுதது. அழாதப்பு என்று சொல்லிக்கொண்டே அவள் வைத்துவிட்டாள்.

முன்னறைச் சுவரில் கல்யாணப் படம் தொங்கியது. தேவாலயப் படிக்கட்டில் எடுத்தது. அவள் இடப்பக்கமும் அவன் வலப்பக்கமும் நின்ற படம். அவன் கோட்டு தோளில் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று ஏழு வருடமாகக் கேலி செய்துவந்த படம். இப்போது அதில் அவள் தனியாக நின்றாள். இடப்பக்கத்தில் அல்ல, சட்டத்தின் நட்டநடுவில். அவள் அளவுகோலை எடுத்து நான்கு பக்கமும் அளந்து பார்த்தாள். ஒரு மயிரிழை பிசகவில்லை.

அதன்பின் அவள் எங்கும் போகவில்லை. போவதற்கு ஒன்றும் இல்லை. காலையில் வந்து மேசையில் உட்காருவாள். எத்தனை நாள் என்று தெரியாது. முதலில் பசித்தது, பிறகு பசிக்கவில்லை. ஒரு நாள் எழுந்திருக்க நினைத்தபோது, நினைத்தது மட்டும் நடந்தது. கால் நாற்காலியின் கீழே இருந்த இடத்தில் இருந்தது. அவள் பயப்படக் காத்திருந்தாள். அந்தப் பயம்கூட எங்கோ தள்ளி, வேறொருத்தியின் வீட்டில் நடப்பதுபோல இருந்தது.

ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை அது திரும்பியது. முப்பது வினாடி பார்த்தது. போயிற்று.

போயிற்று என்றால் எங்கே? எடைக்கல்லை யாரும் எடைக்கல்லுக்காகப் பார்ப்பதில்லை. அது வெறும் ஒத்தாசைக்கு. பார்க்க வந்தது வேறொன்று. கல்லுக்குப் பக்கத்தில் இருப்பது. மீதி நேரம் முழுவதும் அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவள் யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே பொட்டல் கிடந்தது. அதற்கப்பால் கோட்டைப் பாறை. அதைச் சுற்றி ஊர், தெருக்கள், பஸ் ஸ்டாண்டு, அத்தனை ஜனம். அந்தப் பக்கமிருந்து லாரிச் சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. முன்னைவிடக் குறைவாக.

நோட்டு எதிரே திறந்துகிடந்தது. மூன்று புள்ளிகள். அவள் கையால் வைத்தவை. உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. மூன்றாவது, ஒட்டினாற்போல.

பக்கம். தனிமை. அசையாமை.

நான்கு விதிகளில் ஒன்று மிச்சம் இருந்தது. செவப்பா இருக்கணும் என்று அவன் சிரித்தது ஞாபகம் வந்தது.

உச்சிப்பொழுது. விசிறிச் சத்தம் அறுந்தது. கல் வாசனை. ஜன்னல் கம்பியின் நிழல் தரையிலிருந்து போயிற்று.

பிறகு ஒரு நிழல் வந்தது. வேறு பக்கம் விழுந்தது. நோட்டின் நிழல் மேசையின் அந்தப் பக்கமாக நீண்டது. தண்ணீர்ச் செம்பின் நிழல் சுவரில் ஏறியது. கல்யாணப் படத்தின் நிழல், கதவின் நிழல், காலி நாற்காலியின் நிழல், எல்லாம் அவளை விட்டு விலகி, நாலா பக்கமும், நீண்டுகொண்டே போயின.

அவள் கண்ணை மட்டும் தாழ்த்த முடிந்தது.

மேசைமேல் அவள் கை இருந்தது. விரல்களின் சதை உள்ளிருந்து சிவந்து, டார்ச்சின்மேல் வைத்த உள்ளங்கைபோல, எலும்புகள் ஒவ்வொன்றும் கறுப்பாகத் தெரிந்தன. சிவப்பு மஞ்சளாகியது. மஞ்சள் வெள்ளையாகியது.

முப்பது வினாடி கடந்தது. அது அவளை விட்டுத் திரும்பிப் போகவில்லை.